முன்னால் மூன்று மடங்கு, பின்னால் ஒன்றரை மடங்கு

அமெரிக்க விமானப்படையில் ‘ஏரியல் போர்ட் ஸ்குவாட்ரன்’ என்று ஒரு வகைப் பிரிவு உண்டு. பெயர்தான் பெரிது, வேலை என்னவோ விமானத்தில் சாமான் ஏற்றி இறக்குவது. ‘போர்ட் டாக்ஸ்’, அதாவது துறைமுக நாய்கள் என்று தங்களைத் தாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இந்தப் பிரிவுகளில் நிறைய ரிசர்வ் படையைச் சேர்ந்தவை: மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி, மற்ற நாளில் அவரவர் பிழைப்பு. சண்டை இல்லாத காலத்தில் இத்தனை பேருக்கு வேலை கிடையாது. ஆனால் 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் புகுந்ததும் அந்த மாதமே ரிசர்வ் ஆட்களைக் கூப்பிட வேண்டி வந்தது.

சரி, மூட்டை தூக்குவதில் அறிவியல் எங்கே வருகிறது?

முதலில் எடை. ஒவ்வொரு சாமானையும் எடை போடுவார்கள். வண்டி என்றால் அச்சு அச்சாக எடை பார்த்து அதன் ஈர்ப்பு மையம் எங்கே என்று பக்கவாட்டிலேயே குறித்துவிடுவார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே திருப்புத்திறன்தான்: எடையை, மூக்குப் பக்கம் ஒரு புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் விமானத்தின் மையம் கிடைக்கும். அது இறக்கைக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய எல்லைக்குள் விழ வேண்டும். பின்னால் போய்விட்டால் விமானி அழுத்தினாலும் மூக்கு மேலே ஏறும், முன்னால் போனால் மூக்கு எழவே மறுக்கும்.

அடுத்தது கட்டு. முன்பக்கம் நகராமல் இருக்க எடையைப் போல 3 மடங்கு விசையையும், பின்னாலும் பக்கவாட்டிலும் ஒன்றரை மடங்கையும், மேல்நோக்கி 2 மடங்கையும் கட்டு தாங்க வேண்டும். முன்னுக்கு ஏன் அவ்வளவு? விமானம் திடீரென்று நின்றால் சாமான் ஓட வருவது விமானிகளின் முதுகை நோக்கி. நாலரை டன் வண்டிக்கு முன்பக்கம் மட்டும் பதின்மூன்றரை டன் விசை. அப்படியானால் நாலரை டன் தாங்கும் சங்கிலி மூன்று போதுமே என்று கணக்குப் போட்டால் தப்பு. சங்கிலி சாய்வாகத்தான் போகும், தரைக்கும் விமானத்தின் நீளவாட்டுக்கும் 30 பாகை சாய்ந்தால் அதன் பலத்தில் முக்கால் பங்குதான் முன்பக்கத்துக்கு உதவும். ஆக நான்கு.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து ஐந்து கவச வண்டிகளோடு கிளம்பிய ஒரு 747 சரக்கு விமானத்தில் இந்தக் கணக்குதான் தப்பியது. கட்டியது படை ஆட்கள் அல்ல, தனியார் விமான நிறுவனத்தார். மேலெழும்போது குறைந்தது ஒரு வண்டி அறுத்துக்கொண்டு பின்னால் போய் ஹைட்ராலிக் குழாய்களையும், வாலின் கிடைச்சிறகை அசைக்கும் திருகுத்தண்டையும் நொறுக்க, மூக்கு வானத்தைப் பார்த்தபடி விமானம் விழுந்தது. அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள்.

வேகத்தின் கதை வேறு. 1948 ஜூனில் சோவியத் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் அடைத்ததும், அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் ஊருக்கே வேண்டியதை விமானத்தில் கொண்டுபோனார்கள். சுமார் 23 லட்சம் டன், அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி, அதுவும் சாக்கு சாக்காகக் கையால் ஏற்றியது. அஸ்ஸாமிலிருந்து இமயமலை தாண்டி சீனாவுக்குச் சரக்கு அனுப்பும் பணியை முன்பே நடத்தியிருந்த வில்லியம் டன்னர்தான் இங்கும் தலைமை. தரையில் நிற்கும் நேரம்தான் எதிரி என்று அவருக்குத் தெரியும். விமானியை விமானத்தை விட்டு நகரவே விடாமல் சிற்றுண்டி வண்டியை அங்கேயே அனுப்பினார்.

அந்தத் தரை நேரத்தைப் பின்னாளில் உண்மையில் குறைத்தது, என் கணக்கில், ஒரு தட்டு. ‘463 எல்’ என்ற சரக்கு ஏற்றும் முறையின் பேலட்: நடுவில் பால்சா மரம், மேலும் கீழும் அலுமினியத் தகடு, 88க்கு 108 அங்குலம், இரண்டேகால் அங்குலத் தடிமன், சுமார் 130 கிலோ. நாலரை டன் வரை தாங்கும். சாமானைக் கிடங்கிலேயே அடுக்கி வலை போட்டுவிட்டால், விமானத் தரையின் உருளைகள் மேல் தள்ளிக்கொண்டே போகலாம், ஓரத் தண்டவாளத்தின் பூட்டு சடக்கென்று பிடித்துக்கொள்ளும். சி-17 சரக்கு விமானத்தில் இப்படி 18 ஏறும். ஒரே நடையில் ஆறு பேலட்டைத் தூக்கும் ஏற்று வண்டிக்கு டன்னர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஒரே தொல்லை, தட்டு அவ்வளவு நன்றாக இருப்பதால் போன இடத்தில் கூடாரத்துக்குத் தரையாகவும் சேற்றில் நடைபாதையாகவும் போட்டுக்கொண்டு திருப்பியே அனுப்ப மாட்டார்கள்.