தலை எது, வால் எது?

அமெரிக்காவில், கன்சாஸின் ஃபோர்ட் வாலஸ் ராணுவ முகாமில் இருந்த மருத்துவர் தியோஃபிலஸ் டர்னர், ஃபிலடெல்ஃபியாவுக்குப் பெட்டி பெட்டியாக எலும்புகளை அனுப்பிவைத்தார். பழங்காலக் கடலில் நீந்திய ஊர்வன வகை விலங்கு ஒன்றின் எலும்புகள் அவை. அங்கிருந்த தொல்லுயிர் ஆய்வாளர் எட்வர்ட் ட்ரிங்கர் கோப் அவற்றை வரிசையாக அடுக்கினார், எலாஸ்மோசாரஸ் என்று பெயர் வைத்தார், 1869-இல் படத்தோடு அச்சிலும் ஏற்றிவிட்டார். கழுத்து குட்டை, வால் நெடுநீளம். ஆனால் அவர் வால் என்று நினைத்ததுதான் கழுத்து. தலையைக் கொண்டுபோய் வால் நுனியில் மாட்டியிருந்தார்.

அடுத்த ஆண்டு, மூத்த அறிஞர் ஜோசஃப் லெய்டி அந்தத் தவறை அறிவியலாளர்கள் சபையில் சொன்னார். கோப், வெளியே போன பிரதிகளை எல்லாம் தேடித்தேடித் திரும்ப வாங்கப் பார்த்தார்.

சிரிப்பதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். மண்ணிலிருந்து எடுத்த முள்ளெலும்பில் கழுத்து, வால் என்று எழுதியா இருக்கும்? இரண்டு பக்கமும் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும். நமக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் 7 எலும்புகள்தான். எலாஸ்மோசாரஸுக்கோ 70-க்கும் மேல். அவ்வளவு நீண்ட ஒன்றை வால் என்று நினைக்கத்தான் தோன்றும்.

ஆனாலும் எலும்பிலேயே அடையாளம் இருக்கிறது. வால் எலும்பின் அடிப்பக்கம் உண்டிவில் கவட்டையைப் போல ஒரு சிறு எலும்பு தொங்கும். ரத்தக்குழாய் அதன் நடுவே போகும். கழுத்தெலும்பில் அது கிடையாது. பக்கவாட்டில் குட்டை விலா எலும்புகள் ஒட்டியிருக்கும். அப்புறம், ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்னே இரண்டு, பின்னே இரண்டு மூட்டுப் பரப்புகள் உண்டு. முன்னிருப்பவை மேல்நோக்கியும் பின்னிருப்பவை கீழ்நோக்கியும் இருக்கும். கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி, முன் எலும்பின் பின்விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி உட்காரும். இதைப் பார்த்தாலே முன் எது, பின் எது என்று சொல்லிவிடலாம். தலையைத் தாங்கும் முதல் இரண்டு எலும்புகளின் அமைப்போ தனி. வால் நுனி என்று வைக்கப்பட்டிருந்த எலும்பில் லெய்டி கண்டது அதைத்தான்.

கோப்புக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அவருக்கு இல்லாதது பொறுமை. அதற்குக் காரணம், யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒத்னியல் சார்லஸ் மார்ஷ்.

இருவரும் பெர்லினில் அறிமுகமாகி நண்பர்களானவர்கள். ஒருவர் பெயரை மற்றவர் ஒரு புதிய விலங்குக்கு வைக்கும் அளவுக்கு நெருக்கம். 1868-இல் நியூஜெர்சியின் ஹேடன்ஃபீல்டில், உரமண் தோண்டும் குழிகளைக் கோப் நண்பருக்குச் சுற்றிக் காட்டினார். எலும்பு கிடைத்தால் இனி தனக்கே அனுப்பும்படி குழிக்காரர்களிடம் மார்ஷ் ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார். பகைக்கு விதை விழுந்தது அங்கேதான். மார்ஷுக்கு மாமா ஜார்ஜ் பீபடியின் பணம் பின்னால் இருந்தது. கோப்புக்குத் தந்தையின் சொத்து. சாகும்வரை மல்லுக்கட்ட இரண்டும் போதுமானதாக இருந்தன.

இந்தப் பகைக்கு எண்ணெய் ஊற்றியது ஒரு விதி. விலங்கியலில், ஒரு உயிரினத்துக்கு யார் முதலில் அச்சில் பெயர் கொடுக்கிறாரோ அவர் வைத்ததே நிற்கும். முதலில் தோண்டி எடுத்தவருக்கு அந்த உரிமை இல்லை. கவனமாக ஆராய்ந்தவருக்கும் இல்லை. தேதிதான் கணக்கு.

1872 கோடையில் வயோமிங்கில் காண்டாமிருகம் அளவில், கொம்புகள் கொண்ட ஒரு பாலூட்டியின் எலும்புகள் கிடைத்தன. லெய்டி, கோப், மார்ஷ் மூவரும் அதன் பின்னால் ஓடினார்கள். கடிதம் போனால் தாமதமாகும் என்று கோப் தந்தி அடித்தார். அவர் அனுப்பிய பெயர் லாக்ஸோலோஃபோடான். அச்சில் வந்தது லெஃபலாஃபோடான்! தந்திக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில், அந்த ஆகஸ்டில் முந்திக்கொண்ட லெய்டியின் யுயிண்டாதீரியம் நிலைத்தது. மார்ஷ் வைத்த டைனோசெராஸ் அதற்குள் அடங்கிப்போனது.

மார்ஷும் அவசரத்துக்கு விலக்கல்ல. 1877-இல் ஒரு டைனோசருக்கு அபடோசாரஸ் என்று பெயர் வைத்தார். இரண்டு வருடம் கழித்து இன்னும் பெரிய எலும்புக்கூடு கிடைத்ததும் அது பிரான்டோசாரஸ். இடுப்போடு சேரும் முள்ளெலும்புகள் முதலாவதில் 3, அடுத்ததில் 5. ஆகவே வேறு விலங்கு என்பது அவர் வாதம். 1903-இல் எல்மர் ரிக்ஸ் என்ற ஆய்வாளர் வேறு விதமாகப் பார்த்தார். முதலாவது வளரும் பருவத்து விலங்கு; வயது ஏறும்போது பக்கத்து எலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை மாறியது வயதினால்தான். ஆகவே மூத்த பெயரான அபடோசாரஸே போதும் என்றார். 2015-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மூவர், அதே பழைய எலும்புகள் உட்பட ஏராளமானவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பிரான்டோசாரஸ் தனி இனம்தான் என்று மறுபடி வாதிட்டார்கள்.

நூறு வருடத்துக்கு மேலாகியும் இப்படி எடுத்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், எலும்புகள் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அது சாதாரண விஷயமில்லை. நிலத்தடி நீரிலுள்ள தாதுக்கள் எலும்பின் துளைகளில் படிந்து படிந்து அதைக் கல்லாக்கும். கல்தான், ஆனால் வெடிப்பு விழுந்த கல். மண்ணைவிட்டு எடுத்த உடனே உதிரலாம். 1876-இல் மொன்டானாவின் ஜூடித் ஆற்றுப் பக்கம் கோப்பும் அவருடைய உதவியாளர் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க்கும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சமையலுக்குக் கொண்டுபோன அரிசியைக் குழைய வேகவைத்து, மாவுச் சாக்குத் துணியை அந்தப் பசையில் தோய்த்து, எலும்பைச் சுற்றிக் கட்டினார்கள். கை ஒடிந்தால் போடும் மாவுக்கட்டு, செத்து ஏழெட்டுக் கோடி வருடமான விலங்குக்கு! பின்னால் அரிசியின் இடத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வந்தது. இன்றும் களத்தில் அதே முறைதான்.

கட்டுப் போட்டாலும் தப்பாத எலும்புகள் உண்டு. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று கருத்து மாறியது. கீழ்க்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அது சரியென்றால், உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்று அரியலூர்க்காரர். சரிபார்க்கலாமென்றால் எலும்பு இல்லை, எல்லாம் பொடிந்துபோயின. கோப் தலைகீழாக அடுக்கிய எலாஸ்மோசாரஸ் இன்னும் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. கல்லமேட்டு விலங்குக்கு மிஞ்சியவை பெயரும் சில படங்களும்தான்.