யூ.எஸ்.எஸ், ஸ்கான், வருடல், கேளா ஒலி: ஒரு துண்டில இருந்த சொல்லின்ர கதை

பெரியப்பாவுக்கு வயித்துக்குத்து எண்டு டொக்டரிட்டப் போனா அவர் ஒரு துண்டில 'யூ.எஸ்.எஸ் அப்டொமன்' எண்டு கிறுக்கிக் குடுத்துவிட்டிட்டார். மனுசன் வீட்ட வந்து கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசிச்சுப்போட்டு "என்னடா தம்பி, அமெரிக்கன் போர்க்கப்பலின்ர பேர் மாதிரிக் கிடக்கு" எண்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஆனா பேந்து யோசிச்சா அவர் பகிடிக்குச் சொன்ன கப்பலுக்கும் அந்தத் துண்டுக்கும் உண்மையிலயே ஒரு தொடுசல் இருக்கு, அதுக்குப் பிறகு வாறன்.

யூ.எஸ்.எஸ் எண்டது அல்ட்ராசவுண்ட் ஸ்கான், அப்டொமன் எண்டா வயிறு. தமிழ்நாட்டு ஆக்கள் ஸ்கேன் எண்டு எழுதுவினம், எங்களுக்கு ஸ்கான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா எந்த ஆஸ்பத்திரி வாங்கில குந்தியிருந்து கேட்டாலும் "ஸ்கானுக்கு வந்தனாங்கள்" எண்டுதான் சொல்லுவினம், அல்ட்ராசவுண்ட் எண்ட முன்பாதியை ஆரும் வாயில எடுக்கிறேல்லை. வில்லங்கமே அதிலதான் தொடங்குது. சி.ரி.யும் ஸ்கான், எம்.ஆர்.ஐ.யும் ஸ்கான், பிள்ளைத்தாச்சிப் பிள்ளையின்ர வயித்தில வைச்சுப் பாக்கிறதும் ஸ்கான், ஆனா சி.ரி. எண்டது எக்ஸ்றேக் கதிர், எம்.ஆர்.ஐ. எண்டது காந்தம், இது வெறும் சத்தம். மூண்டுக்கும் ஒரே பேரை வைச்சாப் பிறகு "கனக்க ஸ்கான் எடுக்காத பிள்ளை, கதிர் பட்டு வயித்தில இருக்கிறதுக்குக் கூடாது" எண்டு பஸ்ஸில பக்கத்துச் சீட்டு அன்ரி சொல்லாமல் என்ன செய்வா? அதுக்கு மேல, படம் பாக்கிற டொக்டருக்குத் தமிழில 'கதிரியக்கவியல் நிபுணர்' எண்டு போட் வேற, கதிரே இல்லாத அறைக்கு வாசல்லயே கதிர்.

சரி, ஸ்கான் எண்டா என்ன? லத்தீனில 'ஸ்கந்தேரே' எண்டா ஏறுறது. அங்கயிருந்து இங்கிலீசுக்கு வரேக்க அதின்ர பொருள் ஆஸ்பத்திரியும் இல்ல மிசினும் இல்ல, பாட்டைச் சீர் சீராப் பிரிச்சுப் பாக்கிறது, காலைத் தூக்கி வைச்சுத் தாளம் போடுறதில இருந்து வந்த பொருள் எண்டு சொல்லுவினம். அப்ப அதின்ர அச்சொட்டான தமிழ் என்ன தெரியுமோ, அலகிடுதல்! வெண்பாவைத் தந்து அலகிட்டு வாய்பாடு எழுது எண்டு தமிழ் ரீச்சர் நிக்க வைச்சுக் கேட்டது, நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, அதேதான் ஸ்கான். பிறகு ஒவ்வொண்டா உத்துப் பாக்கிறது எண்டு பொருள் விரிஞ்சு, ரீவிப் படத்தை வரிவரியா ஓட்டிக் காட்டுறதுக்கும் அந்தச் சொல் வந்து, கடைசியா மனுசற்ற வயித்தில வந்து நிக்குது. எனக்கு இந்த அலகிடுதல் சரியாப் பிடிக்கும், ஆனா "வயிறு அலகிட வந்தனான்" எண்டு ஆரும் சொன்னா நேர்ஸ் என்ன நினைப்பா எண்டும் யோசிக்க வேணும்.

புழக்கத்துக்கு வந்த தமிழ் வருடல். கம்பியூட்டர் பாடத்தில ஸ்கானரை வருடி எண்டு படிச்சிருப்பியள். அந்தச் சொல்லைக் கேட்டா எங்கட ஊரில முதல் ஞாபகம் வாறது அடிவருடிதான், ஆற்றையும் காலைத் தடவிப் பிழைக்கிறவனுக்குச் சொல்லுற பேச்சு, அதால எனக்கு அந்தச் சொல்லில கனகாலம் ஒரு ஒவ்வாமை. ஆனா ஸ்கான் அறைக்குள்ள போய்ப் பாத்தாப் பிறகு மனம் மாறிட்டுது. கடதாசியைக் கண்ணாடிக்குக் கீழ வைக்கிற மிசினில என்ன வருடல் இருக்கு? இஞ்ச டொக்டர் கையில சவர்க்காரக் கட்டி அளவில ஒரு சாமானைப் பிடிச்சு, வயித்தில களி மாதிரி ஒண்டைப் பூசிப்போட்டு மெல்ல மெல்லத் தடவுறார், அங்கால சரிக்கிறார், இஞ்சால அமத்துறார், உண்மையா வருடல் எண்டா இதுதான்.

அந்தக் களி ஜெல் குளிரும், சொல்லிப்போட்டன். அது வழுக்கிறதுக்கு மட்டும் இல்ல. சத்தம் தசைக்குள்ள செக்கனுக்கு 1540 மீற்றர் அளவில ஓடும், காத்தில 340 தான், ரெண்டும் ஒண்டையொண்டு சந்திக்கிற இடத்தில சத்தம் கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பி ஓடிடும். தோலுக்கும் கைச்சாமானுக்கும் இடையில கடுகளவு காத்து நிண்டாலும் படம் வராது, அந்தக் காத்தை வெளியேத்தத்தான் ஜெல். உள்ள போன சத்தம் ஈரலில, கிட்னியில, கல்லில பட்டுத் திரும்பி வாற நேரத்தைக் கணக்குப் பாத்து மிசின் படம் கீறுது, கிணத்துக்குள்ள எட்டிக் கூப்பிட்டா எங்கட குரல் திரும்பி வருமே அதுதான். படத்தில கரிக்கறுப்பா இருக்கிறது தண்ணி, பளிச்செண்டு வெள்ளையா இருக்கிறது எலும்பு இல்லாட்டிக் கல்லு, கல்லுக்குப் பின்னால ஒரு நிழல் விழும்.

இனி மற்றப் பாதி, அல்ட்ராசவுண்ட். அல்ட்ரா எண்டா அப்பால, சவுண்ட் எண்டா ஒலி. மனுசற்ற காதுக்குச் செக்கனுக்கு 20 அதிர்வில இருந்து 20,000 அதிர்வு வரைக்கும்தான் கேக்கும், வயிறு பாக்கிற மிசின் அனுப்புறது 20 லட்சம், 50 லட்சம் எண்ட கணக்கு. பூச்சி பிடிக்கிற சின்ன வௌவால் இருட்டில பறக்கிறதும் காதுக்குக் கேக்காத இப்பிடிச் சத்தத்தாலதான், இலுப்பை மரத்தில தலைகீழாத் தொங்குற பெரிய பழந்தின்னி வௌவால் இல்ல, அது கண்ணாலதான் பாக்கும். 1880ல பிரான்சில கியூரி சகோதரர் ரெண்டு பேர் சில பளிங்குகளை அமத்தினா மின்சாரம் பிறக்குது எண்டு கண்டினம், மின்சாரம் குடுத்தா அதே பளிங்கு அதிரும், ஸ்கான் மிசின்ர கைச்சாமானுக்குள்ள இருக்கிற வேலை அதுதான். முதலாம் உலக யுத்தத்தில லாஞ்சவின் எண்டவர் அதைக் கடலுக்குள்ள இறக்கி நீர்மூழ்கிக் கப்பல் தேடப் பாத்தார். பெரியப்பா சொன்ன போர்க்கப்பல் வந்திட்டுதோ! பேந்து இரும்புக்குள்ள வெடிப்பு இருக்கோ எண்டு பாக்கிற மிசின் வந்தது, 1955ல கிளாஸ்கோவில இயன் டொனால்ட் எண்ட பிள்ளைப்பேற்று டொக்டர் வெட்டியெடுத்த கட்டியளைக் காரில ஏத்திக்கொண்டு பொயிலர் செய்யிற பக்ரறிக்குப் போய், ஒப்பிட்டுப் பாக்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைச்சு, அந்த மிசினில பிடிச்சுப் பாத்தார். 1958ல கட்டுரையா எழுதி வெளியிட்டார். இரும்பு பாத்த சாமான் வயிறு பாக்கத் தொடங்கினது அப்பிடித்தான்.

இதுக்குத் தமிழ் எண்டு பாத்தா ஒண்டுக்கு மூண்டு கிடக்கு. தமிழ்நாட்டில மீயொலி, மீ எண்டா மேல. எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில கழியொலி, கழியூதாக் கதிர் எண்டு படிச்சம் பாருங்கோ அந்தக் கழி. நன்னூலிலயே சால, உறு, தவ, நனி, கூர், கழி எண்டு மிகுதிப் பொருளில வாற சொல்லுத்தான், கழிபேருவகை எண்டா ஆரும் கழிவெண்டு நினைக்கிறேல்லையே. பிழையில்லாத சொல். ஆனா ஆஸ்பத்திரிச் சுவரில 'சலம் கழிக்காமல் வரவும், கழியொலிப் பரிசோதனை' எண்டு ஒட்டினா என்ன ஆகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

சலம் கழிக்காமல் வரச் சொல்லுறது ஏனெண்டா, அடிவயித்தில கர்ப்பப்பை, சூலகம் பாக்கேக்க குடலுக்குள்ள இருக்கிற காத்து மறைக்கும், சலப்பை முட்டினாக் குடலை அங்கால தள்ளிப்போட்டு சத்தத்துக்கு வழி விடும். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே நாலைஞ்சு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு இருங்கோ, முட்டின சலப்பைக்கு மேல அமத்துறதுதான் இதில உள்ள ஒரே கஸ்ரம், மற்றப்படி நோ இல்ல, 15 இல்லாட்டி 30 நிமிசம். மேல்வயிறு எண்டா வேற கதை, 6 இல்லாட்டி 8 மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடப்படாது, சாப்பிட்டாப் பித்தப்பை பித்தத்தைக் கொட்டிப்போட்டுச் சுருங்கிடும், பிறகு உள்ள கல்லு இருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? சீனி வருத்தக்காரர் குளிசையை என்ன செய்யிறது எண்டு துண்டு தாற இடத்திலயே கேட்டு வையுங்கோ. உடுப்பு மேல வேற கீழ வேறயாப் போட்டா வசதி, ஜெல் துடைக்க ஒரு துவாய்த் துண்டும் பையில கிடக்கட்டும்.

பொம்பிளையளுக்கு உள்ளால வைச்சுப் பாக்கிற ஸ்கான் எண்டு ஒண்டும் இருக்கு, இதை ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லாமல் விடுறதாலதான் அறைக்குள்ள போய்த் திடுக்கிடுகினம். மெல்லிய கோல் மாதிரி ஒண்டுக்கு உறை போட்டுப் பிறப்புறுப்பு வழியா வைப்பினம், அதுக்குச் சலப்பை வெறுமையா இருக்க வேணும், கர்ப்பப்பையைக் கிட்ட நிண்டு பாக்கிறதால படம் தெளிவு. கேக்காமல் செய்யப்படாது, பொம்பிளை நேர்ஸ் ஒராள் நிக்கச் சொல்லலாம், வேண்டாம் எண்டும் சொல்லலாம், கலியாணம் கட்டாத பிள்ளையள் அதை முதலே சொல்லிப்போட வேணும், வெக்கப்பட ஒண்டும் இல்ல.

இருதயத்துக்கு எடுக்கிற எக்கோவும் இதே சத்தம்தான், எக்கோ எண்டா எதிரொலி. மழைக்காலத்தில டெங்கு எண்டு வாட்டில கிடக்கேக்க நெஞ்சுக்குள்ள, வயித்துக்குள்ள நீர் கசிஞ்சிருக்கோ எண்டு திரும்பத் திரும்பப் பாக்கிறதும் இதுதான், கதிர் இல்லாததால தேவைக்கு எத்தினை தரமும் பாக்கலாம். அதுக்காக ரிப்போட்டில நோர்மல் எண்டு இருந்தா எல்லாம் முடிஞ்சுது எண்டும் இல்ல, எலும்புக்கு அங்காலயும் காத்துக்கு அங்காலயும் இதுக்குக் கண் தெரியாது.

என்னைக் கேட்டா நோயாளிக்குச் சொல்ல அந்த மூண்டாவது சொல், கேளா ஒலிதான் சரி, காதுக்குக் கேளாத ஒலி எண்டு சொல்லே விளக்கிப்போடும். முழுசாக் கேளா ஒலி வருடல். பெரியப்பாவுக்கு இவ்வளவும் விளங்கப்படுத்தித்தான் விடிய வெள்ளண மாங்குளத்தில பஸ் ஏத்திக் கூட்டிக்கொண்டு போனனான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில பஸ் நிண்டுது, தேங்காய் உடைக்க இறங்கினவர் வாயை ஆட்டிக்கொண்டு ஏறுறார், கையில கச்சான் சரை! "நாலு கச்சான்தானேடா தம்பி, பிள்ளையாரின்ர வாசல்ல வாங்கினது." கச்சான் முழுக்க எண்ணெய், பித்தப்பை சுருங்கக் காணும். வேற திகதி தந்து அனுப்பிவிட்டாங்கள்.

ரெண்டாம் தரம் முறிகண்டியில அவரை இறங்கவே விடேல்லை, நான் போய்த் தேங்காய் உடைச்சன். கல்லு ரெண்டு, பித்தப்பைக்குள்ள. திரும்பி வரேக்க கச்சானை நானே வாங்கிக் குடுத்திட்டு "இப்ப சொல்லுங்கோ பெரியப்பா, என்னத்தால பாத்தவை?" எண்டு கேட்டன். அவருக்கு வருடலும் வரேல்லை, கேளா ஒலியும் வரேல்லை, "சத்தப்படம்" எண்டார். ஊருக்குள்ள அதைத்தான் பரப்பி வைச்சிருக்கிறார், நேற்று முன்வீட்டு அன்ரி வேலியடியில நிண்டு "தம்பி, எனக்கும் சத்தப்படம் எழுதித் தந்தவை, வெறுவயித்தோடயோ போறது?" எண்டு கேக்கிறா.