கார் பெயிண்டில் விழுந்த கீறல் பாலிஷில் எங்கே போகிறது?

கறுப்பு கார் ஒன்றின் பானெட்டை இரவில் தெருவிளக்கின் கீழே பார்த்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய வட்டங்களாகக் கீறல் தெரியும். துணியை வட்டமாகச் சுற்றித் துடைத்ததால் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் நகர்ந்து பாருங்கள், பிம்பத்தோடு சேர்ந்து வட்டங்களும் நகரும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. ஒரு கீறல் தன் நீளத்துக்குக் குறுக்கேதான் ஒளியைத் தெறிக்கவிடும். அதனால் விளக்கின் பிம்பத்தை வளைத்தாற்போல் கிடக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்குப் படுகின்றன. மற்றவை அங்கேயே இருந்தும் தெரிவதில்லை.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில், தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, ப்ரைமர், வண்ணம், அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான்தான். பொதுவாக ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. தூசியோடு துடைக்கும்போது விழும் கீறல்கள் பெரும்பாலும் இந்த அடுக்கின் மேல் சில மைக்ரானோடு நின்றுவிடுகின்றன. வண்ணம் அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கீறலின் விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால் அதன்மேல் ஒரு வெண்மை படர்கிறது. தனித்தனியாகப் பார்க்க முடியாத அளவுக்குக் கீறல்கள் நுண்ணியதாகவும் நெருக்கமாகவும் இருந்தால், அதையே பெயிண்ட் மங்கிவிட்டது என்கிறோம். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பைச் சிதைத்தாலும் இதே மங்கல் வரும்.

கீறல் எவ்வளவு ஆழம் என்று பார்க்க, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. காற்றிலிருந்து கிளியர் கோட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1-லிருந்து சுமார் 1.5-க்குத் தாவுகிறது, அந்தத் தாவலால்தான் விளிம்புகள் பளிச்சிடுகின்றன. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் அங்கே 1.33 வந்து உட்கார்ந்துகொள்கிறது, தாவல் சுருங்குகிறது, விளிம்பு அடங்கிவிடுகிறது. அப்புறம் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறலைப் பாலிஷால் முழுதாகப் போக்க நினைக்கக் கூடாது.

ஏன் கூடாது? பாலிஷ் எந்தப் பள்ளத்தையும் மூடுவதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் மேட்டை, பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்குகிறது. தச்சர் பலகையை இழைப்புளியால் இழைத்து வடுவை எடுப்பது போலத்தான். ஒவ்வொரு பாலிஷும் அந்த 40 மைக்ரானிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது, அது திரும்பி வராது. புற ஊதாவை உறிஞ்சும் பொருளும் அந்த அடுக்கில்தான் கலந்திருக்கிறது. ஆழமான ஒரு கீறலுக்காகச் சுற்றிலும் எல்லாவற்றையும் இறக்குவதைவிட, அதன் விளிம்புகளை மழுக்கிவிட்டு நிறுத்திக்கொள்வதே மேல். விளிம்பு மழுங்கினாலே பாதிக்குமேல் கண்ணுக்குத் தெரியாது.

இந்தத் தேய்ப்பை அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்துகள்கள் செய்கின்றன. துகள் பெரிதாக இருந்தால் காம்பவுண்ட், சிறிதாக இருந்தால் பாலிஷ். சரி, துகளும் கீறத்தானே செய்யும்? செய்யும். கண்ணாடியை மெருகேற்றுவது பற்றி நியூட்டன் 1704-இலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: மெருகேற்றுவது கீறல்களை இல்லாமல் ஆக்குவதில்லை, கண்ணுக்குப் படாத அளவுக்குச் சிறிதாக்குகிறது. கண்ணாடியில் வேதிவினைக்கும் பங்கு உண்டு என்பது பின்னால் தெரியவந்தது. கார் பெயிண்டுக்கு அவர் சொன்னது நன்றாகவே பொருந்துகிறது. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். மேடுபள்ளம் அதைவிட மிகவும் சிறிதாகிவிட்டால் ஒளி அதைச் சமதளமாகவே எடுத்துக்கொள்கிறது, பிம்பம் தெளிகிறது. காம்பவுண்ட் போட்டதும் சில கார்களில் மெல்லிய மங்கல் தெரிவதும் இதனால்தான்: கீறல் போய்விட்டது, காம்பவுண்டின் சொந்தத் தடம் மிச்சம். அதை அடுத்த நுண்பாலிஷ் எடுக்க வேண்டும்.

கையால் செய்வது மெதுவான வேலை. மெஷினின் சூடும் வேகமும் இல்லாததால் பெயிண்டைத் தீய்த்துவிடும் ஆபத்து குறைவு. முதல்முறை செய்பவர்களுக்கு நான் கையைத்தான் சொல்வேன். ஆனால் வெறும் விரலுக்கு அடியில் துணியை வைத்துத் தேய்க்காதீர்கள். விரல் நுனிகளுக்குக் கீழே அழுத்தம் குவிந்து கோடுகோடாகத் தேயும். ஃபோம் பேட் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும். நிழலில், சூடில்லாத தகட்டில், ஓரடிச் சதுரமாக எடுத்துக்கொண்டு முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்குவாக்கிலும் தேய்க்கலாம். அதற்கு முன்னால் காரை நன்றாகக் கழுவியே ஆக வேண்டும். பேடுக்கும் பெயிண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மணல் துகள் மாட்டினாலும், எடுக்கும் கீறலைவிட அதிகக் கீறலைப் போட்டுவிடும். பேட் கீழே விழுந்தால் வேறு பேட் எடுங்கள். கதவின் மடிப்புகள், ஓரங்களில் கை லேசாகவே போகட்டும், பூச்சு அங்கே மெல்லியது.

துடைத்ததும் பளபளக்கிறதே என்று உடனே நம்பிவிட வேண்டாம். பாலிஷில் உள்ள எண்ணெய், தண்ணீர்ச் சொட்டு செய்த அதே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். எண்ணெயின் ஒளிவிலகல் எண் கிளியர் கோட்டுக்கு இன்னும் நெருக்கம், அதனால் மறைப்பும் கச்சிதம். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துவிட்டு விளக்கடியில் பாருங்கள். அப்போது தெரிவதுதான் நிஜம். வாக்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தேய்க்கும்போது பேடையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளியர் கோட் உள்ள காரில் பேடில் காரின் நிறம் ஒட்டக் கூடாது. ஒட்டினால், கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு காராக இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் இது சகஜம், பயப்பட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கார் இல்லையென்றால் கிளியர் கோட்டைத் தாண்டி வண்ணத்துக்கே வந்துவிட்டீர்கள், அந்த இடத்தில் உடனே கையை எடுத்துவிடுங்கள்.