குடும்பப் படத்துக்கு உடை: பாட்டியின் புடவையிலிருந்து தொடங்குங்கள்

மயிலாடுதுறையில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்குக் குடும்பப் படம் எடுக்கும் வேலை ஆண்டு முழுவதும் இருக்கும். அருகிலுள்ள திருக்கடையூருக்கு 60 வயதில் மணிவிழாவும், 70இல் பீமரத சாந்தியும், 80இல் சதாபிஷேகமும் செய்துகொள்ள வரும் குடும்பங்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே ஊரில் சேர்ந்திருக்கும் அந்த ஓரிரு நாளிலேயே ஒரு படமும் எடுத்துவிட விரும்புகிறார்கள். எத்தனை பேர், எந்த நேரம், என்ன அளவில் சட்டம் போடுவது என்றெல்லாம் தொலைபேசியில் விரிவாகக் கேட்பவர்கள் உடையைப் பற்றி மட்டும் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள்: “என்ன கலர் போட்டா நல்லா இருக்கும்?” நான் பதிலுக்கு, “உங்கள் அம்மா என்ன புடவை கட்டப்போகிறார்?” என்று கேட்பேன். பெரும்பாலும் அதை யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சதாபிஷேகக் குடும்பம் வந்தது. மொத்தம் 23 பேர். ஒரே தானில் வெட்டிய இளம் ஊதாத் துணியில் ஆண்களுக்கெல்லாம் சட்டை; பெண்களுக்கெல்லாம் அதே நிறத்தில் சாஃப்ட் சில்க். செலவும் உழைப்பும் கொட்டிச் செய்த ஏற்பாடு அது. முதல் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தபோது, பின்வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நின்ற நான்கு சகோதரர்களில் யாருடைய கை எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. ஒரு நீண்ட ஊதாச் சுவரின் மேல் நான்கு தலைகளை வரிசையாக வைத்ததுபோல இருந்தது. நடுவில் அமர்ந்திருந்த பாட்டியோ, பழக்கமில்லாத வழவழப்புத் துணி தோளிலிருந்து நழுவ நழுவ, நிமிடத்துக்கொரு முறை முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்க்க அவருக்கு நேரமே இல்லை.

மாற்றுப் புடவை இருக்கிறதா என்று விசாரித்தேன். காலையில் கட்டியிருந்த கூறைநாட்டுப் புடவை பையில் இருந்தது. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்த, அரக்கு நிறப் புடவை. அதைக் கட்டிக்கொண்டு வந்து அமர்ந்த பிறகு அவர் கை தானாக மடியில் படிந்தது. ஊதாக் கூட்டத்துக்கு நடுவே அந்த அரக்கு, பார்ப்பவர் கண்ணை நேராக அவர் முகத்துக்குக் கொண்டுபோனது. அவர்கள் பெரிதாக்கி மாட்டியது அந்தப் படத்தைத்தான்.

ஒரு குடும்பத்தில் உடையை மாற்றிக்கொள்ள மிகவும் தயங்குகிறவர் யாரோ, அவர் உடையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அன்று முதல் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். அவர் பெரும்பாலும் பாட்டியாக இருப்பார்; சில வீடுகளில் வெள்ளை வேட்டி சட்டை தவிர வேறெதுவும் உடுத்தாத தாத்தாவாக இருப்பார்; இரண்டு வயதுக் குழந்தையாகவும் இருக்கலாம். பாட்டியின் புடவையைக் கட்டிலில் விரித்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தானை வேறொரு நிறம் என்று குறைந்தது மூன்று நிறங்கள் அதிலேயே கிடைக்கும். அவற்றையும் அவற்றின் வெளிர்சாயல்களையும் மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால் போதும், எல்லோரும் ஒரே வீட்டார் என்பது தானே தெரியும். பெரிய குடும்பமாக இருந்தால் மூத்த மகன் வீட்டார்க்கு நீலச் சாயல்கள், மகள் வீட்டார்க்குச் சந்தனமும் பழுப்பும் என்று கிளைக்கொரு நிறம் வைப்பது எனக்குப் பிடித்த முறை. 30 ஆண்டு கழித்துப் படத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு யார் யாருடைய பிள்ளை என்று கண்டுபிடிக்க அது உதவும்.

எல்லோருடைய உடையையும் அந்தக் கட்டிலிலேயே, நிற்கப்போகும் வரிசையில் பரப்பி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தின் மயக்கம் போய், எது மிக வெளுப்பு, எது மிகக் கறுப்பு, எந்த இரண்டு பக்கத்தில் நின்றால் ஒன்றோடொன்று கரைந்துவிடும் என்பது உடனே தெரியும். இதை ஒரு வாரம் முன்பே செய்துவிட்டால் மாற்றவும் தைக்கவும் நேரம் இருக்கும்.

சிவப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய படங்களைப் புதுப்பிக்கக் கொண்டுவருபவர்களில் சிலர், “எங்கள் கொள்ளுப்பாட்டி கல்யாணத்தில் ஏன் கறுப்புப் புடவை கட்டியிருக்கிறார்?” என்று கேட்பதுண்டு. அது கறுப்பாக இருந்திருக்க வாய்ப்பில்லை. முற்காலத்து ஸ்டுடியோக்களில் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதனால்தான் அதைச் சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையிலேயே கழுவ முடிந்தது. சிவப்புக் கூறைப்புடவை அதில் கறுப்பாகத்தான் விழும். அன்றைய ஃபிலிம் சிவப்பைப் பார்க்கவே இல்லை. இன்றைய டிஜிட்டல் கேமராவோ சிவப்பைக் கண்டால் நிதானம் இழக்கிறது. பளீர்ச் சிவப்பும் ராணி நிறமும் எளிதில் எல்லை மீறிப் பதிந்து, கொசுவ மடிப்பும் நெசவும் அழிந்து, ஒரே வண்ணத் திட்டாகத் தெரியும். சிவப்புதான் வேண்டும் என்பவர்கள் அரக்கையோ குங்குமச் சிவப்பையோ எடுத்துக்கொள்வது நல்லது.

கிளிப்பச்சை, பளிச்சிடும் மஞ்சள் போன்றவற்றுக்கு வேறொரு குணம் உண்டு. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பி, உடுத்தியவரின் தாடைக்கும் கழுத்துக்கும் அடியில் தன் நிறத்தைப் பூசிவிடும். பக்கத்தில் நிற்பவர் கன்னத்திலும் அது ஏறும். பச்சைச் சட்டையுடன் புல்தரையில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்யப்படும் மயில் கழுத்துப் பட்டு, ஒளி விழும் கோணத்துக்கேற்பப் பச்சையாகவும் நீலமாகவும் மாறும். அது குற்றமில்லை, அழகுதான். ஆனால் அதனோடு பொருத்தம் பார்த்து மற்றவர்க்குத் துணி எடுப்பவர்கள் கடையின் குழல்விளக்கில் மட்டும் பார்க்காமல் வாசலுக்கும் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

மாநிறத்தவரும் கறுத்தவரும் அடர்நிறம் உடுத்தக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்த்திருப்பார்கள். என் அனுபவம் அதற்கு நேரெதிர். கடுநீலமும் அரக்கும் பாட்டில் பச்சையும் அவர்கள் முகத்தின் ஒளியைத் தூக்கிக் காட்டுகின்றன. தோலின் நிறத்துக்கு மிக நெருக்கமான பழுப்புதான் முகத்தை மங்கவைக்கிறது. பின்னர் என்னிடம் வந்து “முகத்தைக் கொஞ்சம் கலர் ஏத்திடுங்க” என்று கேட்பதைவிட இதை முன்பே கவனிப்பது மேல். அந்த வேலையை நான் செய்வதும் இல்லை.

வெள்ளை வேட்டி எல்லாம் ஒரே வெள்ளை என்று நினைக்க வேண்டாம். இன்றைய சலவைத்தூள்களில் உள்ள வெண்மையூட்டிகள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. ஃப்ளாஷிலும் வெயிலிலும் அந்த வேட்டி நீலம் பாய்ந்து தெரியும். பக்கத்திலேயே பெட்டியில் கிடந்து பழுத்த பட்டு வேட்டி மஞ்சளாகத் தெரியும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஆண்கள் அனைவரும் வேட்டி என்றால், எல்லாம் கோடி வேட்டியாகவோ எல்லாம் சந்தன நிறமாகவோ இருக்கட்டும். மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் கலர் பனியன் வேண்டாம். சட்டைப்பையையும் காலி செய்துவிடுங்கள். ஒரு மணிவிழாப் படத்தில் மாப்பிள்ளையின் வெள்ளைப் பையினூடே 500 ரூபாய்த் தாளின் காந்தி சிரித்துக்கொண்டிருந்ததை அச்சுக்குப் போகும்போதுதான் கவனித்தேன்.

பொடிக் கட்டம், நெருங்கிய மெல்லிய கோடு போட்ட சட்டைகளைத் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கேமராவின் உணரியும் நுண்ணிய புள்ளிகளின் கட்டம்தான். துணியின் கட்டமும் அதன் கட்டமும் அளவில் நெருங்கிவரும்போது, இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தால் தெரிவதுபோல, துணியில் இல்லாத அலைகள் படத்தில் தோன்றும். அவற்றை நீக்குவது பெரும்பாடு. கூறைநாட்டுப் புடவையின் கட்டத்தைப் போலப் பெரிய கட்டங்களால் இந்தத் தொல்லை இல்லை.

குழந்தைகளுக்கு “வளர்ற பிள்ளை” என்று ஓர் அளவு பெரிதாக எடுப்பது நம் வழக்கம். படத்தில் அந்தத் தோள்தையல் முழங்கை வரை தொங்கி, பிள்ளை அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல நிற்கும். இந்த ஒரு நாளுக்காவது சரியான அளவில் எடுங்கள். பட்டுப்பாவாடைச் சட்டையின் சரிகை அக்குளில் அறுக்கும்; உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்திருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் அரைமணி நேரம் போட்டுப் பழக்குங்கள். பசியாற்றிவிட்டு, ஸ்டுடியோவுக்கு வந்த பிறகே உடுத்துவது நல்லது.

புதுப்பட்டை மடிப்புக் கலையாமல் அப்படியே கட்டி வருபவர்கள் பலர். கடை மடிப்பின் கோடுகள் முட்டிக்கு மேலே குறுக்கே விழுந்து நிற்கும். பக்கவாட்டு விளக்கில் அவை இன்னும் துலங்கும். முதல் நாளே பிரித்து, மெல்லிய துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டுத் தொங்கவிடுங்கள். கட்டிய பிறகு ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். குடும்பப் படத்தில் பாதிப்பேர் உட்கார்ந்திருப்பவர்கள். நிற்கும்போது சரியாக இருந்த புடவை, உட்கார்ந்ததும் கணுக்காலுக்கு மேலேறிப் பாவாடையின் ஓரத்தைக் காட்டும்.

திருக்கடையூரில் சடங்கு முடிந்த கையோடு படம் எடுக்க வேண்டும் என்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, அன்று மாலைவரை பொறுக்கும்படிதான். கலசநீர் அபிஷேகத்தில் தம்பதியர் தலை முதல் நனைந்திருப்பார்கள்; வேறு உடை மாற்றினாலும் ஈரத்தலையின் நீர் ரவிக்கையின் முதுகிலும் சட்டையின் கழுத்திலும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓமப்புகையில் எல்லோருக்கும் கண் சிவந்திருக்கும். ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய கனத்த மாலை, பார்த்துப் பார்த்து எடுத்த பட்டில் முக்கால்வாசியை மறைத்து, ஈரக்கறையையும் விட்டுவிடும். மதியச் சாப்பாடும் ஒரு மணி நேரத் தூக்கமும் ஆன பிறகு எடுத்தால், மாலையோடு ஒன்று, மாலை இல்லாமல் ஒன்று என்று நிதானமாக எடுக்கலாம்.

வெயிலில் தானாகக் கறுக்கும் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் காரிலிருந்து இறங்கி நேரே கேமராவுக்கு முன் உட்காராமல், பத்து நிமிடம் உள்ளே இருந்து அது தெளியும்வரை காத்திருக்க வேண்டும். பத்து ஊக்கு, ஒரு துண்டு, குழந்தைக்கு மாற்றுச்சட்டை ஆகியவற்றோடு, பாட்டிக்கு வழக்கமாகக் கொசுவம் பிடித்துவிடுபவர் யாரோ அவரையும் அழைத்து வாருங்கள். கட்டிலில் பரப்பி எடுத்த அந்தக் கைப்பேசிப் படத்தை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டால், அதைப் பார்த்துப் பின்திரையை நான் தேர்ந்து வைத்திருப்பேன்.