கொடுத்த புரோபயாட்டிக் தொட்டியிலேயே செத்துப்போகிறதா?

குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் பிராய்லர் ஷெட்டுக்குள் கால் வைத்தாலே கழிச்சல் பற்றித்தான் முதல் பேச்சு. "புரோபயாட்டிக் வாங்கிப் போட்டோம் டாக்டர், ஒன்றும் கேட்கவில்லை" என்பார்கள். புரோபயாட்டிக் என்பது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா. பாக்கெட்டை வாங்கிப் பார்க்கும் முன் தண்ணீர்த் தொட்டியைத்தான் திறந்து பார்ப்பேன்.

பல இடங்களில் நடப்பது இதுதான். காலையில் பிளீச்சிங் பவுடர் கலந்த தொட்டியிலேயே மதியம் புரோபயாட்டிக்கைக் கொட்டுகிறார்கள். லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாவையும் குளோரின் விட்டுவைக்காது. சிலர் ஆண்டிபயாட்டிக்கையும் அதே நாளில் கொடுக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே கொல்வதற்குச் சமம் அது. ஆண்டிபயாட்டிக் தேவைப்பட்டால் அதை முடித்துவிட்டு, அப்புறம் புரோபயாட்டிக். இன்னொன்று, வெல்லம் கலந்து விடும் பழக்கம். குழாயின் உட்புறம் வழவழவென்று பாசி மாதிரி படிய அந்த இனிப்பே தீனி. கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள், தெரியும். பேட்ச் முடிந்ததும் குழாயைச் சுத்தம் செய்யாமல் அடுத்த குஞ்சை இறக்காதீர்கள்.

பேசில்லஸ் சப்டிலிஸ் வகை கொஞ்சம் கெட்டி. வித்து உறைக்குள் இருப்பதால் பெல்லெட் தீவனம் தயாரிக்கும் சூட்டையும் தாங்கும். தண்ணீரில் குளோரினைத் தவிர்க்க முடியாதவர்களுக்குத் தீவனத்தில் கலக்கும் இந்த வகையைத்தான் சொல்வேன்.

எப்போது கொடுப்பது? முதல் நாளிலிருந்தே. குஞ்சின் குடலில் முதல் வாரம் யார் இடம் பிடிக்கிறார்களோ, அவர்கள் கைதான் ஓங்கும். நல்ல பாக்டீரியா சுரக்கும் லாக்டிக் அமிலத்தில் சால்மோனெல்லா, ஈ.கோலை வளரத் திணறும். 40 கிராம் குஞ்சு சுமார் 40 நாளில் 2 கிலோ ஆக வேண்டும். கழிச்சல் வந்தபின் ஆரம்பித்தால் எடையைப் பிடிப்பது கஷ்டம்.

பூண்டு, மஞ்சள், சீரகம், மிளகு நல்ல துணைதான். மஞ்சள் தூள் 100 கிலோ தீவனத்துக்கு அரை கிலோவைத் தாண்ட வேண்டாம். பூண்டு நெடி கூடினால் கோழி தீவனத்தை ஒதுக்கும். ஆனால் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் கைவைத்தியத்தோடு உட்கார்ந்திருக்காதீர்கள். அது ரத்தக் கழிச்சலாக இருக்கலாம். செத்த கோழியோடு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் வாருங்கள்.

ஆண்டிபயாட்டிக்கைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்டபடி கொடுத்தால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும், பிறகு மனிதர்களுக்கும் அந்த மருந்து கேட்காது. கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாட்டிக் மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் மருந்து. உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைக் கொடுக்க 2019 ஜூலையிலேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. பழைய டப்பா ஷெட்டில் கிடந்தால் தொடாதீர்கள்.

நம்ம வேலூர் வெயிலில் கோழி தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரை அதிகம் குடிக்கும், எச்சமும் நீர்த்துப் போகும். அதை நோய் என்று நினைத்து மருந்தை ஊற்ற வேண்டாம். ஷெட் தரையில் பரப்பிய கூளத்தை ஒரு கை அள்ளிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், அன்றே கிளறிவிட்டு, ஒழுகும் நிப்பிளை மாற்றுங்கள். கம்பெனி தரும் குஞ்சையும் தீவனத்தையும் வாங்கி வளர்த்துக் கொடுப்பவர்கள் எதைக் கலப்பதானாலும் கம்பெனி சூப்பர்வைசரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வரும் தீவனத்தில் ஏற்கெனவே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.