புது டிடிஎச்சுக்கு மாறுகிறீர்களா? படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

சிம் கார்டு நிறுவனத்தை மாற்றுவது போல டிடிஎச் நிறுவனத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியொரு வசதி டிடிஎச்சில் இல்லை. இங்கே மாறுவது என்றால் பழைய இணைப்பை நீங்களே துண்டித்துவிட்டு, புதிதாக இன்னொன்றை வாங்குவது. புது நிறுவனத்தின் ஆள் உங்களுக்காகப் பழைய நிறுவனத்தோடு பேச மாட்டார். பழைய நிறுவனமோ, நீங்கள் எழுதிக் கேட்காத எதையும் திருப்பித் தராது. விதிகள் பெரும்பாலும் பார்வையாளர் பக்கம்தான் இருக்கின்றன. ஆனால் கையில் ரசீதும் புகார் எண்ணும் இல்லாதவருக்கு அந்த விதிகளால் ஒரு பயனும் இல்லை.

பின்னணி சில வரிகள் போதும். இந்தியாவில் டிஷ் டிவி 2003-ல் சேவையைத் தொடங்கியது. அதற்குப் போட்டியாக டாடா ஸ்கை 2006-ல் வந்தது. அடுத்து தெற்கே குறைந்த விலையோடு சன் டைரக்ட், 2008-ல் ரிலையன்ஸ் பிக் டிவி, ஏர்டெல் என்று வரிசையாக இறங்கினார்கள். ஒரு சேனல் நிறுவனம் தனக்குப் பிடித்த டிடிஎச் நிறுவனத்துக்கு மட்டும் சேனலைக் கொடுத்து மற்றவரைப் பட்டினி போடக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2004-லேயே விதி போட்டுவிட்டதால்தான் புதியவர்களால் நிற்க முடிந்தது. இன்று நாம் கேட்கும் உரிமைகளில் பெரும்பகுதி டிராய் 2017-ல் கொண்டுவந்த விதிமுறைகளில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்து, பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் கட்டும் முறை வீடுகளை எட்டியது 2019-ல்.

இனி சிக்கல்களுக்கு வருவோம்.

செட்டாப் பெட்டி யாருடையது?

"பெட்டி இலவசம், மாட்டுக்கூலி மட்டும் கொடுங்கள்" என்பதுதான் புதிதாக வருபவர் சொல்லும் முதல் வாக்கியம். அந்தப் பெட்டி உங்களுக்கு விற்கப்படுகிறதா, வாடகைக்குத் தரப்படுகிறதா என்று அங்கேயே கேளுங்கள். இரண்டுக்கும் விதியில் இடம் உண்டு. எது என்பதைப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்திருப்பார்கள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். விலைக்கு வாங்கியதென்றால் பெட்டி உங்கள் சொத்து. அதற்கு பில் வேண்டும், குறைந்தது ஓராண்டு உத்தரவாதமும் உண்டு. வாடகை என்றால் விலகும்போது பெட்டியைத் திருப்பித் தர வேண்டும், நீங்கள் கட்டிய முன்பணத்தை அவர்கள் திருப்பித் தர வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும்போது எழுத்தில் ஒப்புகை வாங்காவிட்டால், சில மாதம் கழித்து 'பெட்டி வந்து சேரவில்லை' என்ற பதில் வரும். முன்பணம் அதோடு போயிற்று.

விலைக்கு வாங்கிய பெட்டியையே புது நிறுவனத்துக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டிடிஎச் உரிம நிபந்தனைகளிலேயே, ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றுக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் பொருந்தாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சிக்னலைத் தனிப் பூட்டுப் போட்டு அனுப்புகிறது, அந்தப் பூட்டின் சாவி அதன் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையும் ஒன்றல்ல. டிஷ் டிவி எம்பெக்-2 முறையில் தொடங்கியது, சன் டைரக்ட் எம்பெக்-4 முறையில் வந்தது, அதனால் பூட்டு இல்லாவிட்டாலும் பழைய பெட்டிக்குப் படம் புரியாது. எல்லாப் பெட்டியும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி செய்ய வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் மறுபடியும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. ஆகவே மாறுவதன் செலவில் ஒரு புதுப் பெட்டியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய பெட்டி பரணுக்குத்தான் போகும்.

விலை உண்மையிலேயே குறைவா?

சேனல்களுக்கான விலையை அந்தந்த ஒளிபரப்பு நிறுவனம்தான் அறிவிக்கிறது. எந்த டிடிஎச் நிறுவனமும் அதற்கு மேல் வசூலிக்க முடியாது. எனவே 'எங்களிடம் சேனல் மலிவு' என்று விற்பனையாளர் சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்வது ஒரு தொகுப்பின் தள்ளுபடியைத்தான். அந்தத் தொகுப்பில் நீங்கள் ஒருநாளும் திறக்காத சேனல்கள் பாதி இருக்கும். தனித்தனியாகத் தேர்வு செய்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. 'சிஸ்டத்தில் அப்படி வராது' என்று சொன்னால் அது உண்மையில்லை.

உண்மையான வேறுபாடு, சேனல் விலை போக மாதாமாதம் நிறுவனம் வாங்கும் இணைப்புக் கட்டணத்தில் இருக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. இணைப்புக் கட்டணம் 130 ரூபாயும் வரியும், மாட்டுக்கூலி 350 ரூபாய், ஆக்டிவேஷன் 100 ரூபாய், இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். அந்த உச்சவரம்புகளை டிராய் 2024 ஜூலையில் எடுத்துவிட்டது. இப்போது நிறுவனமே நிர்ணயித்துக்கொள்ளலாம். ஆனால் நிர்ணயித்ததை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எனவே கடைக்காரரிடம் போய் '130-தானே' என்று சண்டை போட்டால் நீங்கள்தான் தோற்பீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கட்டணப் பட்டியலைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஏன் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதே 2024 திருத்தத்தில் உருப்படியான ஒன்றும் உண்டு. முன்கூட்டியே கட்டும் ப்ரீபெய்டு சந்தாவின் காலத்தை நாள் கணக்கில்தான் சொல்ல வேண்டும். 'ஒரு மாதப் பேக்' என்றால் எத்தனை நாள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சில சேனல்கள் முதல் மாதம் இலவசமாக வரும், அடுத்த மாதத்திலிருந்து இருப்பில் பணம் குறையும். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கட்டணச் சேனலைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. சம்மதம் எப்போது, எந்த வழியில் பெற்றார்கள் என்று கேட்டாலே பல இடங்களில் பணம் திரும்ப வந்துவிடுகிறது. அதேபோல, ஒளிபரப்பாளருக்கும் டிடிஎச் நிறுவனத்துக்கும் தகராறு வந்து ஒரு சேனல் காணாமல் போனால், வராத சேனலுக்கு உங்களிடம் பணம் பிடிக்கக் கூடாது. தகராறு அவர்களுக்குள்.

இணைப்பு யார் பெயரில், எந்த எண்ணில்?

நான் பார்த்தவரை மக்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். விதிப்புத்தகத்தில் இதைப் பற்றித் தேடினால் அகப்படாது.

எங்கள் பகுதியில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா, புது இணைப்பு வாங்கிவிட்டுப் பழையதை நிறுத்தப் போன் செய்தார். 'பதிவு செய்த எண்ணிலிருந்து அழையுங்கள்' என்றது இயந்திரக் குரல். அவரிடம் இருப்பது ஒரே எண். ஆனால் கணக்கில் பதிவாகியிருந்தது, இணைப்புக் கொடுத்த கடைக்காரரின் எண். கடைக்காரர் வேலையைச் சீக்கிரம் முடிக்கத் தன் எண்ணையே போட்டிருக்கிறார். ஓடிபி அவருக்குப் போகும், தள்ளுபடிச் செய்தியும் அவருக்குத்தான் போகும். கடை இப்போது கைபேசி உறை விற்கும் கடையாகிவிட்டது. ரசீது எங்கே என்று கேட்டேன். தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பில் புத்தகத்திலிருந்து கிழித்த துண்டு, அதில் பால்பாயின்ட் பேனாவால் 'டிஷ் 1' என்று எழுதி ஒரு தொகை. நிறுவனத்தின் பெயர் இல்லை, தேதி இல்லை, முத்திரை இல்லை. ஓராண்டுக்குச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் கடைக்காரர் மாதா மாதம்தான் ரீசார்ஜ் செய்துவந்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கடைக்காரருக்குக் கொடுத்தது நிறுவனத்துக்குக் கொடுத்ததாக ஆகாது. இதை மனதில் வைத்துக்கொண்டு, புது இணைப்பு வாங்கும்போது படிவத்தில் உங்கள் எண்ணை நீங்களே எழுதுங்கள். படிவத்தின் நகல் கேட்டு வாங்குங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. 'பிறகு வாட்ஸாப்பில் அனுப்புகிறேன்' என்றால் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் வீட்டை விட்டுப் போவதற்குள், உங்கள் எண்ணுக்கு நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டதா என்று பாருங்கள்.

பழைய இணைப்பு இப்படிக் கடைக்காரர் எண்ணிலோ, இறந்துபோன தந்தையின் எண்ணிலோ இருந்தால், முதல் வேலை எண்ணை மாற்றுவது. வாடிக்கையாளர் எண் டிவி திரையிலேயே, பெட்டியின் மெனுவில் கணக்கு விவரப் பக்கத்தில் இருக்கும். அதைக் குறிப்பிட்டு, அடையாளச் சான்று இணைத்து, நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் இயந்திரக் குரலோடு மல்லுக்கட்டுவதைவிட இது வேகமாக நடக்கிறது, கையில் ஆதாரமும் மிஞ்சுகிறது.

விலகும்போது

ரீசார்ஜ் தீர்ந்தால் தானாக நின்றுவிடும், அதற்கு எதற்குத் துண்டிப்பு விண்ணப்பம் என்று விட்டுவிடாதீர்கள். வாடகைப் பெட்டி என்றால் கணக்கு திறந்தே கிடக்கும், முன்பணமும் அதிலேயே கிடக்கும். எழுத்தில் கேளுங்கள், தேதி குறிப்பிடுங்கள். கணக்கில் மீதி இருந்தால், அதைப் பார்த்துத் தீர்த்துவிட்டுப் புதியதை மாட்டச் சொல்வது நல்லது. மீதியைத் திரும்ப வாங்க அலைவதில் மீதியை விட அதிகம் செலவாகிவிடும்.

துண்டிக்கச் சொன்னதும் பழைய நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும். 'ஒரு மாதம் இலவசம், இருங்கள்' என்பார்கள். 'சரி' என்று வாய்தவறிச் சொன்னால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். ஊருக்குப் போவதால் சில மாதம் வேண்டாம் என்பவர்கள் துண்டிக்கவே வேண்டியதில்லை. 15 நாள் முன்னதாகச் சொன்னால் தற்காலிகமாக நிறுத்திவைக்க விதியில் வழி இருக்கிறது. நிறுவனங்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

புது நிறுவனம் இரண்டு மூன்று ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் பெரிய தள்ளுபடி என்று சொன்னால், பிக் டிவியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழுமத்தின் பெயரோடு வந்தது. பிறகு கைமாறி, இன்டிபென்டென்ட் டிவி என்று பெயரும் மாறி, கடைசியில் சேவையே நின்றுபோனது. வாடிக்கையாளர்களின் கையில் பெட்டி மட்டும் மிஞ்சியது. முதல் ஆறு மாதமாவது மாதச் சந்தாவில் ஓட்டிப் பாருங்கள். ஐப்பசி மழையில் சிக்னல் எப்படி நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும். மழைக்கு அரை மணி நேரம் படம் போவது எல்லா டிடிஎச்சிலும் நடப்பதுதான், அதற்கு ஆள் வரவழைத்துப் பணம் கொடுக்காதீர்கள். தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் சேவை இல்லையென்றால் அந்த நாட்களுக்கான கட்டணத்தைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

புகார் எங்கே?

முதலில் நிறுவனத்தின் கட்டணமில்லா எண். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். 'குறித்துக்கொண்டோம்' என்பது புகார் எண் ஆகாது. பிரச்சினை தீராமலே 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். அதை அழிக்காமல் வையுங்கள், பின்னால் உங்களுக்கு அதுதான் சாட்சி. அடுத்து, நிறுவனத்தின் நோடல் அதிகாரி, அதாவது தீராத புகார்களைக் கவனிக்க நிறுவனமே வைத்திருக்கும் ஆள். அவர் பெயரும் மின்னஞ்சலும் இணையதளத்தின் அடிப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். விதிப்படி அவருக்கு 10 நாள் அவகாசம்.

இதற்கு நடுவே யாராவது உங்களை 'டிராய்க்கு எழுதுங்கள்' என்று அனுப்புவார்கள். எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விதி போடுவது டிராய். தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்பது அதன் வேலையல்ல. எழுதினால் அந்தக் கடிதம் சுற்றி மறுபடியும் அதே நிறுவனத்திடம்தான் வந்து சேரும். டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தீர்ப்பாயமும் தனி நுகர்வோரின் வழக்கை எடுக்காது.

நோடல் அதிகாரியும் கைவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். முன்பணம் திரும்ப வராத விவகாரங்கள் பல இங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். 'தொலைத்தொடர்பு வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது' என்று நிறுவனத்தின் வக்கீல் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை நீட்டக்கூடும். கைபேசி நிறுவன வழக்கு ஒன்றில் இதே வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் நிராகரித்துவிட்டது, அதைச் சொல்லுங்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் கெடு. 'பார்த்துச் சொல்கிறோம், அடுத்த வாரம் கூப்பிடுங்கள்' என்று அவர்கள் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்தக் கெடுவுக்குள்தான் கழியும்.