சாம்பல் பூத்த தேக்குப் பலகை

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டித் தங்கும் விடுதி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பள்ளத்தாக்கைப் பார்த்தவாறு அமைத்த தேக்கு மரத்தளம் மூன்றே ஆண்டுகளில் சாம்பல் நிறமாகிவிட்டது, கூரையின் நிழல் விழும் பகுதி மட்டும் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது, சென்ற ஆண்டு பூசிய வார்னிஷும் செதில் செதிலாக உரிகிறது. வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்லித்தான் விற்றார்களாம். அமாவாசையில் வெட்டாத மரம் என்பதே காரணம் என்று ஆசாரி சொல்கிறாராம்.

விற்றவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தேக்கின் வைரத்தில், அதாவது முற்றிய நடுக்கட்டையில், இயல்பாகவே ஊறியிருக்கும் வேதிப்பொருள்கள் கரையானையும் கட்டையை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைகளையும் நெடுங்காலம் தடுத்து நிறுத்தும். வெயிலைத் தடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. ஆசாரியின் திதிக் கணக்குக்கோ அந்தத் தளமே மறுப்பாகக் கிடக்கிறது. ஒரே மரத்தில், ஒரே நாளில் அறுத்த பலகையின் ஒரு பாதி நிழலில் பழுப்பாகவும் மறுபாதி வெயிலில் சாம்பலாகவும் இருக்கையில், வெட்டிய நாளைக் குற்றம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

மரத்தின் அமைப்பைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளைப் போல நீண்ட செல்லுலோஸ் இழைகள். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கலவையாக லிக்னின். உலர்ந்த மரத்தின் எடையில் பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வரை லிக்னின்தான். இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு ஒளியின் முன்னால்தான் வெளிப்படுகிறது. செல்லுலோஸ் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பென்சீன் வளையங்கள் நிறைந்த லிக்னின் அதை ஆவலோடு உறிஞ்சிக்கொள்கிறது. 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல். கார்பன் அணுக்கள் இரண்டுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 350 கிலோஜூல் போதும். எனவே உறிஞ்சிய ஒளி லிக்னினையே உடைத்துத் தனி உறுப்புகளை, அதாவது எதனோடும் வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துணுக்குகளை, உண்டாக்குகிறது. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அடுத்தடுத்த பிணைப்புகளையும் முறிக்கின்றன. முடிவில் எஞ்சுபவை நீரில் கரையக்கூடிய சிறு துண்டுகள். அடுத்த மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. லிக்னின் போய்விட்டால் மேற்பரப்பில் மிஞ்சுவது செல்லுலோஸ், அது வெண்மையானது. அப்படியானால் சாம்பல் நிறம் எங்கிருந்து வந்தது? வெயில் அந்த நிறத்தைத் தரவில்லை. ஆரியோபேசிடியம் புல்லுலான்ஸ் என்ற பூஞ்சையும் அதன் உறவுகளுமே பெரும்பாலும் அதற்குக் காரணம். முழு லிக்னினை அரித்துத் தின்னும் வல்லமை இந்தப் பூஞ்சைக்கு இல்லை. ஆனால் வெயில் ஏற்கெனவே உடைத்துப்போட்ட துண்டுகளை உணவாகக் கொள்ள அதற்குத் தெரியும். குடியேறிய புதிதில் வெளிர் நிறமாக இருக்கும் அது, நாளடைவில் தன் செல்சுவரில் மெலனினைச் சேர்த்துக்கொண்டு கருக்கிறது. நம் தோலுக்கு நிறம் தரும் நிறமி வகையைச் சேர்ந்ததே இந்த மெலனினும். சுட்டெரிக்கும் வெயிலில் தன்னைக் காத்துக்கொள்ளப் பூஞ்சைக்கு அது குடையாகிறது. வெண்மையான செல்லுலோஸ்மீது நுண்ணிய கரும்புள்ளிகள் பரவிக் கிடப்பதைத்தான் நம் கண் சாம்பல் என்று காண்கிறது. வெயிலை உறிஞ்சிய ஒரு பொருள் அழிந்து, அதன் சிதைவை உண்டு வாழும் உயிர் வெயிலை உறிஞ்சும் மற்றொரு பொருளோடு அதே இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது!

வெயிலும் ஈரமும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தில்தான் இந்தக் குடித்தனம் செழிக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்தில் வெயில் கொளுத்தினாலும் பலகை விரைவில் உலர்ந்துவிடுகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலோ, வானம் தெளிந்த நாளில் புற ஊதாக் கதிர் சேலத்தைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக விழுகிறது. கோடை மழை, இரு பருவமழைகள், விடியற்காலை மூடுபனி என்று ஈரத்துக்கும் குறைவில்லை. கிடைமட்டமாகக் கிடக்கும் தளம் இரண்டையும் முழுமையாக வாங்கிக்கொள்கிறது.

வாசகருக்கு ஆறுதலான செய்தி, இந்தச் சேதம் மிக மெல்லியது என்பதே. புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர் ஆழம்வரைதான் செல்கிறது. அது ஒரு தலைமுடியின் தடிமன். அதன் கீழே தேக்கு தேக்காகவே இருக்கிறது. வார்னிஷ் உரிந்ததற்கும் இதுவே விளக்கம். நிறமற்ற வார்னிஷ், கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு புற ஊதாக் கதிரின் ஒரு பங்கையும் உள்ளே விட்டுவிடுகிறது. அது வார்னிஷுக்கு அடியிலுள்ள லிக்னினைச் சிதைக்க, பற்றிக்கொண்டிருந்த மரத்தோலோடு சேர்ந்து பூச்சு கழன்று வருகிறது. சாம்பல் படலத்தை நீக்காமல் அதன்மேலேயே பூசியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே முதல் வேலை அந்தச் செத்த தோலை நீக்குவது. உயர் அழுத்த நீர்ப்பீச்சியால் அடித்தால் நொடியில் நிறம் திரும்பும். ஆனால் மென்மையான இழைகள் பிய்ந்து, பலகை வரிவரியாகப் பள்ளம் விழுந்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் பூஞ்சையைக் கொன்றாலும் நல்ல லிக்னினையும் தாக்கும், திருகாணிகளையும் அரிக்கும். ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்கப்படும் சோடியம் பெர்கார்பனேட் இதற்குப் பொருத்தமானது. நீரில் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிகிறது. முன்னது மெலனினை வெளுக்கிறது, பின்னது சிதைந்த லிக்னினையும் அழுக்கையும் இளக்குகிறது. நனைத்த பலகையில் கால் மணி நேரம் ஊறவிட்டு, நைலான் தூரிகையால் இழையோட்டத்தின் திசையில் தேய்த்துக் கழுவ வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகை கூடாது. அதிலிருந்து உதிரும் துகள் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருநீலக் கறையாகும். டானின் நிறைந்த கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியபோது நடந்ததும் இதே வினைதான்.

சோடாவின் காரத்தன்மை தேக்கைச் சற்றே கருக்கவைக்கும். புளியாரைக் கீரைக்குப் புளிப்பைத் தரும் ஆக்ஸாலிக் அமிலம் அதைச் சரிசெய்யும். இரும்புக் கறையையும் கரையும் சேர்மமாக மாற்றிக் கழுவிவிடும். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுவோர் பயன்படுத்தும் அந்த வெண்தூளை லிட்டருக்கு 30 முதல் 60 கிராம் வரை கரைத்துப் பூசி, சிறிது நேரத்தில் நிறைய நீர் விட்டு அலச வேண்டும். அது நஞ்சு என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ப்ளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும்.

காய்ந்த பிறகு பூச வேண்டியது வார்னிஷ் அல்ல. மரத்துக்குள் இறங்கும், நிறமி கலந்த எண்ணெய் ஸ்டெயின். அதிலுள்ள நிறமி பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் செம்மண்ணைச் சிவக்கவைத்திருக்கும் அதே பொருள். 100 நானோமீட்டருக்கும் சிறிதாக அரைத்த அதன் துகள்கள் மரத்தின் வரிகளை மறைக்காமலே புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும். ஒளியை உறிஞ்சினாலும் லிக்னினைப் போல இவை உடைவதில்லை என்பதே இவற்றின் சிறப்பு. அந்தத் துகள்களைப் பிடித்துவைப்பது, ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் இறுகாது. அதைத் தடவினால் பூஞ்சைக்குப் பந்தி விரித்ததாகவே முடியும். கழிவு ஆயில் பூசும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்: அது ஒட்டும், நாறும், பின்னர் எந்தப் பூச்சையும் பிடிக்கவிடாது.

எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்குத்தான் டப்பாவில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப முடிவதில்லை. அது வேறெங்கோ நிலவும் வானிலைக்குக் கணித்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1910ஆம் ஆண்டிலிருந்து அரசு ஆய்வகம் ஒன்று மரத்துக்காகவே இயங்கிவருகிறது. நமக்கும் பெங்களூருவில் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆனால் நம்மிடம் ஆய்வுத் திட்டங்களுக்கான நிதி பெரும்பாலும் மூன்றாண்டுகளோடு நின்றுவிடும். பூச்சுகளின் ஆயுளை அளக்கத் தொடங்கும்போதே கணக்கை முடிக்கச் சொல்வதாகும் இது. ஏற்காட்டில் நாற்பது பலகைகளைச் சட்டத்தில் பொருத்திப் பத்தாண்டுகள் வெயிலில் வைக்க ஆகும் செலவு பெரியதல்ல; தேவைப்படுவது பொறுமைக்கான நிதி.

அதுவரை வாசகர் தாமே அளந்துகொள்ளலாம். பூசுவதற்குப் பனியும் மழையும் குறைந்த பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. பலகையின் அறுத்த முனைகள் பல மடங்கு வேகமாக நீர் குடிக்கும் என்பதால் அவற்றுக்கு இரண்டு முறை பூச வேண்டும். மரம் உறிஞ்சாமல் மேலே நிற்பதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் இறுகும்போது வெளிவரும் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பற்றும். நீரில் அமிழ்த்தியோ விரித்துக் காயவைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் தளத்தில் சில துளி நீர் தெளித்துப் பார்த்து, துளி உருண்டு நிற்காமல் மரத்துக்குள் இறங்கினால், சாம்பல் தோன்றும்வரை காத்திராமல் அந்தப் பிப்ரவரியிலேயே மறுபடி ஒரு பூச்சு கொடுத்துவிடலாம்.